மட்டக்களப்புக் கூத்து

இலங்கைத் தீவின் கீழ்க்கரையில் மட்டக்களப்பு என்னும் தமிழ்நிலம் அமைந்துள்ளது. கிழக்கே வங்காள விரிகுடாவின் அலைகள் ஓயாது மோதுகின்றன. கரையிலிருந்து சிறிது தொலைவில் வடக்குத் தெற்காக நீண்டதோர் உப்பங்கழி கிடக்கின்றது. அதனை அந்நாட்டார் வாவி என்பர். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வாவி, அந்நிலத்தை இரு கூறாகப் பிரிக்கின்றது. கடலை அடுத்த மணற்பாங்கான பகுதிக்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு மேற்கே வயல்கள் பரந்து கிடக்கும் பகுதிக்குப் படுவான்கரை என்று பெயர். கதிரவன் எழுகின்ற கரை எழுவான்கரை. அவன் மறைகின்ற கரை படுவான்கரை. கல்லாத உழவரும் வலைஞரும் நாள்தோறும் வழங்கும் இவ்விரு பெயர்களிலும் எத்துணை அழகு அமைந்திருக்கின்றது!

நிலவு காயும் இரவில் வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியோடு சேர்த்து வைத்தால், யாழின் நரம்பை வருடியது போன்ற ஓர் ஒலி கேட்கும் என்பர். அதனைப் பாடுமீனின் இசை என்று மக்கள் நம்புகின்றனர். பாடுவது மீனோ, நீரடியிற் கிடக்கும் சிப்பியோ என்பது குறித்து அறிஞர் பலவாறு கூறுவர். மக்களோ அவ்வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், தம் நிலத்தை ‘மீன் பாடும் தேனாடு’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். ‘யாழ் நூல்’ இயற்றிப் பண்டைத் தமிழரின் இசைக் கருவிகளை ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டில் பிறந்த காரைதீவு இக்கீழ்க்கரையில் உள்ள ஊரே. அவர் 1926ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் நாடக இலக்கணத்தையும் சேக்சுபியர் நாடகங்களையும் தமிழர்க்கு விளக்கினார். இசையும் நாடகமும் ஒருவருடைய உள்ளத்தை இவ்வாறு பற்றிக்கொள்வதற்கு அவர் பிறந்த மண்ணும் ஒரு காரணம் எனலாம். ஏனெனில் அம்மண் கூத்து விளைந்த மண்.

அந்நாட்டில் ஆடலும் பாடலும் பலவகை. வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் கோவில்களில் கண்ணகியின் கதை பாட்டாகப் படிக்கப்படும். சிலம்பின் தலைவி அங்கே இன்றும் ஊரைக் காக்கும் தெய்வமாக வழிபடப்படுகின்றாள். அவ்விழாவையொட்டி ஊரார் இரு பக்கமாகப் பிரிந்து கொம்புகளைக் கோத்து இழுத்து முறிக்கும் கொம்புமுறி விளையாட்டும் உண்டு. சிறுவர் கோல்களை அடித்து வட்டமாக ஆடும் வசந்தனும், நகைச்சுவை மிக்க மகிடியும், பறைமேளக் கூத்தும் அங்குக் காணப்படுவன. எனினும், ‘கூத்து’ என்று அடைமொழி இன்றிச் சொன்னால் அந்நாட்டார் கருதுவது இரவு முழுவதும் வட்டக்களரியில் ஆடப்படும் நாட்டுக்கூத்தையே.

இக்கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். மோடி என்பது முறை, பாணி என்னும் பொருளது. வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் பாரதம், இராமாயணம் ஆகியவற்றிலிருந்து கதையை எடுத்துக்கொள்வன. அவற்றில் போரே மிகுதி. தென்மோடிக் கூத்துக்களில் காதலும் மணமும் மிகுதியாக இடம்பெறும். அலங்கார ரூபன் நாடகம், நொண்டி நாடகம் முதலியன தென்மோடியைச் சார்ந்தவை. வடமோடி அரசர் அணியும் உடை பெரியது. மூங்கிலாலோ பிரம்பாலோ வட்டமாகக் கட்டிய ஒரு சட்டத்தின்மேல் வண்ணத் துணிகளை அடுக்கி அதனை அமைப்பர். மீன்பிடிக்கும் கரப்பினை ஒத்திருத்தலால் அதற்குக் கரப்புடுப்பு என்று பெயர் வந்தது. உழவரும் வலைஞரும் வாழும் நாட்டில் அரசனுடைய உடைக்கும் மீன்பிடி கருவியின் பெயரே வாய்த்தது பொருத்தமன்றோ! மரத்தால் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும் தோளணியும் மார்பணியும் தீப்பந்த ஒளியில் மின்னும். தென்மோடியில் உடையின் சுமை குறைவு. ஆட்டமோ நுணுக்கம் மிக்கது. பாட்டும் நீட்டி இசைக்கப்படும். இப்பிரிவு வடக்கிலிருந்து வந்தது, தெற்கிலிருந்து வந்தது என்னும் வரலாற்றைக் குறிக்கின்றதா, வேறு காரணம் உளதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆடுவோர்க்கு அது பற்றிய கவலை இல்லை. தம் ஊர் எந்த மோடிக்குரியது என்பதை மட்டும் அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வர்.

கூத்தைப் பயிற்றும் ஆசிரியரை அண்ணாவியார் என்று அழைப்பர். தமிழகத்திலும் திண்ணைப் பள்ளிக்கூட ஆசிரியர்க்கு முன்னாளில் அண்ணாவி என்ற பெயர் வழங்கியது. தமிழகத்தில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கீழ்க்கரையில் அது கூத்தாசிரியரின் மதிப்பு மிக்க பட்டமாக நின்று நிலவுகின்றது. அண்ணாவியார் மத்தளம் முழக்குவார், பாடுவார், ஆடிக் காட்டுவார், கதை முழுவதையும் நெஞ்சில் வைத்திருப்பார். அவருள் பலர் நெல் விளைத்தும் மீன் பிடித்தும் வாழ்க்கை நடத்துவோரே. கூத்து அவருக்குப் பிழைப்பன்று. பெரும்பாலும் தந்தையிடமிருந்தோ மாமனிடமிருந்தோ வந்த உரிமை.

ஓர் ஊரில் கூத்து எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிந்தால்தான் அதன் பெருமை விளங்கும். வயலில் அறுவடை முடிந்து, நெல் வீடு சேர்ந்து, மக்களுக்கு ஓய்வு கிட்டும் காலத்தில் ஊர்ப் பெரியோர் கூடுவர். இவ்வாண்டு கூத்துப் போடலாமா, எந்தக் கூத்து, எந்த அண்ணாவியாரை அழைப்பது என்று ஆராய்வர். பின்பு அண்ணாவியாரை வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைத்து வருவர். ஆட விரும்பும் இளைஞர் அனைவரும் வந்து நிற்பர். அண்ணாவியார் ஒவ்வொருவருடைய குரலையும் உடற்கட்டையும் கால்வீச்சையும் நோக்குவார். உயர்ந்த தோளும் கனத்த குரலும் உடையவன் வீமனாகலாம். மெல்லிய குரலுடையவன் திரௌபதியாகலாம். ஏனெனில் மரபுவழிக் கூத்தில் பெண்பாத்திரத்தையும் ஆடவரே தாங்குவர்.

ஒவ்வொரு பாத்திரத்திற்கும் உரிய பாட்டும் வசனமும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்துப் படிக்குச் சட்டம் என்று பெயர். நல்ல நாளில், விளக்கேற்றித் தெய்வத்தை வணங்கி, அண்ணாவியார் அதனை ஆடுவோர் கையில் கொடுப்பார். இதுவே சட்டங்கொடுத்தல். சட்டத்தைக் கையில் வாங்கியவன் பின்வாங்குதல் இழுக்கு என்று கருதப்படும். அவன் ஒருவன் விலகினால் கூத்தே நின்றுவிடும். பல குடும்பங்களின் பொருளும் உழைப்பும் வீணாகும். ஆதலின், ஏட்டுத் துண்டைப் பெறுகின்ற அந்நேரத்தில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் ஊரார் எல்லோர்க்கும் கடமைப்பட்டவனாகி விடுகின்றான்.

அன்று தொடங்கி இரவுதோறும் பழக்கம் நடைபெறும். பகலில் கடலிலும் வயலிலும் உழைத்து வந்தோர் உணவு உண்டபின் திடலில் கூடுவர். முதலில் கற்பிப்பது பாட்டன்று, காலடியே. எட்டு என்னும் எண்ணின் வடிவிற் சுழன்று வரும் எட்டு, நான்கு அடிகளுக்கு ஒருமுறை திரும்பும் நாலடி, வீசாணம், குத்துமிதி, பொடியடி என ஆட்ட முறைகள் பல. மத்தளச் சொற்கட்டை அண்ணாவியார் வாயாற் சொல்லுவார். ஆடுவோர் அதனைக் காலாற் சொல்ல வேண்டும். அரசனுக்கு ஒரு வரவுத் தாளம், அரசிக்கு மற்றொன்று, வேடனுக்கு வேறொன்று. களரிக்கு அப்பால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவனும், தாளத்தைக் கேட்ட அளவில், வருகின்றவன் யார் என்று சொல்லிவிடுவான். அடி தவறியவனை அண்ணாவியார் கடிந்துகொள்வார். சில வேளைகளில் பிரம்பும் பேசும். திடலைச் சூழ்ந்திருந்து இதனைக் காணும் சிறுவர் மறுநாள் காலையில் வாவிக்கரை மணலில் தாமே அரசரும் அமைச்சருமாக ஆடிக் களிப்பர். அடுத்த தலைமுறைக்குரிய முதற்பாடம் அம்மணலிலேயே முடிந்துவிடுகின்றது.

பல வாரங்கள் கழிந்து கால்கள் பழகியபின் சதங்கை அணிதல் என்னும் சடங்கு நிகழும். அதுவரை வெறுங்காலோடு ஆடியவர் அன்றுதான் முதன்முதலில் சதங்கை கட்டுவர். உறவினர் அனைவரும் வந்திருப்பர். சதங்கை ஒலிக்கத் தொடங்கியதும் குற்றம் மறைக்க இடமில்லை. தவறிய அடியைச் சதங்கையே ஊரறியச் சொல்லிவிடும். அதன்பின் முழுக் கூத்தையும் தொடர்ச்சியாக ஆடிப் பார்ப்பர். அதற்கு அடுக்குப் பார்த்தல் என்று பெயர். இவை எல்லாம் நிறைவுற்ற பின்னரே அரங்கேற்றம்.

அரங்கேற்றத்தின் பொருட்டு ஊரின் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்து வட்ட வடிவமாகக் களரி அமைப்பர். சுற்றிலும் கம்பங்களை நாட்டி, மேலே வெள்ளைத் துணி கட்டுவர். முன்னாளில் தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் ஒளி தந்தன. பிற்காலத்தில் காற்றடித்து ஏற்றும் விளக்கும், அதன்பின் மின்விளக்கும் வந்தன. மக்கள் களரியின் நான்கு பக்கமும் அமர்வர். நாடக மேடையில் நடிகன் முன்பக்கம் ஒன்றையே நோக்கி நடிக்கின்றான். வட்டக்களரியில் அவ்வாறு செய்தல் இயலாது. ஒரு பாட்டை ஒரு திசைக்குப் பாடினால் மறுதிசையில் இருப்போர் குறைபட்டுக்கொள்வர். ஆகவே அவன் சுற்றிச் சுற்றி ஆடிப் பாடுகின்றான். களரியின் நடுவே அண்ணாவியாரும் சல்லரி தட்டுவோரும் பக்கப்பாட்டுக்காரரும் நிற்பர். ஏட்டைக் கையில் ஏந்திய ஒருவர் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்.

கடவுள் வணக்கத்தின்பின் கட்டியக்காரன் வருவான். அரசன் வருகின்றான் என்று அறிவிப்பதும், இடையிடையே சிரிப்பூட்டுவதும் அவன் தொழில். பிறகு அரசனுடைய கொலு வரவு. ஒரு பாத்திரம் களரியில் புகுந்து தன் வரவாட்டத்தை ஆடி முடிக்கவே நெடுநேரம் ஆகும். அவசரப்படுவார் ஒருவரும் இலர். கதை அனைவர்க்கும் தெரிந்ததே. கன்னன் இறப்பான் என்பதை அறியாமல் எவரும் அங்கு வரவில்லை. அறிந்திருந்தும், தன் தாய் குந்தி என்பதை அவன் உணரும் இடத்தில் முதியோர் கண் கலங்குவர். இவ்வாண்டு கன்னனாக ஆடுபவன் சென்ற ஆண்டுகளில் ஆடியவனை விஞ்சினானா, விஞ்சவில்லையா என்பதே பெரும்பேச்சாக இருக்கும். சிறுவர் தாயின் மடியில் உறங்கிப் போர்க்கட்டத்தின் மத்தள முழக்கத்தில் விழித்தெழுவர்.

கதிரவன் எழும் வேளையில் வாழி பாடிக் கூத்தை நிறைவு செய்வர். ஆயினும் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஆடியவர் பின்பு வீடுவீடாகச் சென்று சிறிது ஆடிக் காட்டுவர். வீட்டார் தத்தம் இயல்புக்கேற்பப் பொருள் கொடுப்பர். ஆடையணிக்கும் பிறவற்றிற்கும் ஆடுவோரே கைப்பணம் செலவிட்டிருப்பராதலின், இவ்வழக்கம் அச்சுமையை ஓரளவு ஊரார்க்குப் பகிர்ந்தளிக்கின்றது.

இத்தகைய கூத்தில் குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. ஊரில் இருந்த சாதி வேற்றுமை களரியிலும் தலைகாட்டியது. இன்ன குடியினர் இன்ன கூத்து ஆடலாம், இன்னவர் பறை முழக்க வேண்டும் என்னும் வரையறை நெடுங்காலம் நிலவியது. பெண்கள் காண்போராக மட்டும் இருந்தனர். இரவு முழுவதும் நீளும் ஆட்டத்தில் ஒரே வகையான பாட்டும் அடியும் மீண்டும் மீண்டும் வருதலும் உண்டு. நகரத்தில் ஆங்கிலக் கல்வி பெற்றோர் இவற்றைக் கண்டு, கூத்து நாகரிகமற்றோர் பொழுதுபோக்கு என ஒதுக்கினர். 1950ஆம் ஆண்டளவில் திரைப்படமும் பட்டினத்து நாடகமும் மக்களை ஈர்த்தபோது, கூத்து இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது என எண்ணியோர் பலர்.

அந்நிலையில் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் 1924ஆம் ஆண்டில் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். அதே பேராதனையில் சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் 1956ஆம் ஆண்டில் ‘மனமே’ என்னும் நாடகத்தை மேடையேற்றி நாடெங்கும் புகழ் பெற்றார். ‘நாடகம்’ எனச் சிங்களவர் வழங்கிய பழைய ஆடல் வகையைத் தழுவி அது அமைந்தது. அச்சிங்கள ஆடல் வகையோ கடற்கரையோரத் தமிழரின் கூத்திலிருந்து கிளைத்தது. தமிழரிடமிருந்து சென்ற விதை அயல்மொழியில் மரமாகி நிற்க, தமிழர் தம் வீட்டு முற்றத்தில் இருந்த மூலமரத்திற்கு நீர் வார்க்காமல் இருந்தனர். இந்நிலை வித்தியானந்தரின் உள்ளத்தைத் தைத்தது.

அவர் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை தாங்கி, ஊர் ஊராகச் சென்று அண்ணாவிமாரைக் கண்டார். கூத்து ஏடுகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார். கூத்துப் போட்டிகளும் விழாக்களும் நடக்கச் செய்தார். அண்ணாவியார் ஒருவரைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்து மாணவர்க்குக் கூத்துப் பயிற்றுவித்ததே அவர் செயல்களுள் தலையாயது. பட்டம் பெறாத ஒருவர் பட்டதாரிகளாகப் போகும் மாணவர்க்குக் காலடி சொல்லிக் கொடுத்தார். ‘கர்ணன் போர்’ 1962ஆம் ஆண்டிலும், ‘நொண்டி நாடகம்’ 1963ஆம் ஆண்டிலும், ‘இராவணேசன்’ 1964ஆம் ஆண்டிலும், ‘வாலி வதை’ 1967ஆம் ஆண்டிலும் மேடையேறின. கொழும்பிலும் பிற நகரங்களிலும் கற்றோர் அவற்றைக் கண்டு வியந்தனர். நேற்றுவரை கூத்தாடி எனப்பட்டவன் கலைஞன் எனப்பட்டான்.

ஆனால் இப்பெருமைக்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. இரவு முழுவதும் ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்திற்குள் சுருங்கியது. வட்டக்களரிக்குப் பதிலாக ஒருபக்கம் மட்டும் திறந்த மேடை வந்தது. நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்திற்குச் சென்றார். வரவாட்டங்கள் குறைந்தன, கதையின் விரைவும் மெய்ப்பாடும் மிகுந்தன. முன்னர் பாத்திரத்திற்குரிய அடியை ஆடினாற் போதும். இப்போது இராவணன் சினந்தால் அச்சினம் அடியிலும் முகத்திலும் தோன்ற வேண்டும் எனப்பட்டது. கலையாக நோக்கினால் இது வளர்ச்சியே. நகர மாந்தர் இரவு முழுவதும் மணலில் அமரமாட்டார். சுருக்காமல் அவர்க்குக் காட்டுதல் இயலாது. காட்டாமல் அவர் மதிப்பைப் பெறுதலும் இயலாது. எனினும், ஊர்க் கூத்தில் ஆடுவோர், காண்போர் என்னும் பிரிவு அவ்வளவாக இல்லை. மேடையில் அப்பிரிவு உறுதிப்பட்டது. சட்டங்கொடுத்தலும் சதங்கை அணிதலும் வீடுவீடாக ஆடுதலும் மேடைக்கு வர இயலாதவை. அவை ஊரிலேயே நின்றுவிட்டன.

‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு மட்டக்களப்பைச் சேர்ந்தவர். அவர் பின்னர்க் கூத்தையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு பேராசிரியரானார். ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் அவருடைய பெருநூல் 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. பழைய கதைகளை மட்டுமன்றிப் புதுப்பொருளையும் கூத்து தாங்குமா என்று ஆராய்ந்து, சாதியையும் பிற ஏற்றத்தாழ்வுகளையும் அரக்கராக உருவகித்து, அவற்றை உழைப்போர் வெல்வதாகச் ‘சங்காரம்’ என்னும் நாடகத்தை வடமோடி ஆட்டத்தில் அமைத்தார். களரியில் இருந்த குறையைக் களரியின் மொழியிலேயே கடிந்தமை குறிப்பிடத்தக்கது.

மட்டக்களப்பைத் துன்பங்களும் தொடர்ந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் சாய்த்தது. 1983ஆம் ஆண்டிற்குப்பின் உள்நாட்டுப் போர் மூண்டது. கூத்து இரவுக் கலை. போர்க்காலத்தில் இரவு மக்களுக்கு உரியதாக இல்லை. விளக்கேற்றித் திடலில் நூற்றுக்கணக்கானோர் விடியும்வரை கூடியிருத்தல் எங்ஙனம் இயலும்? ஆட வேண்டிய இளைஞர் பலர் மாண்டனர். பலர் நாட்டைவிட்டு அகன்றனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரை ஊர்களுட் புகுந்தது. வீடுகளோடு வீட்டிலிருந்த யாவும் நீரிற் போயின. போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது.

இவ்வளவுக்கும் இடையே கூத்து அற்றுப்போகவில்லை என்பதே வியப்பு. 2000ஆம் ஆண்டிற்குப்பின், வாவிக்கரையிலுள்ள சீலாமுனை என்னும் ஊரில் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. அதனைத் தொடங்கியோர் கூத்தை நகர மேடைக்குக் கொண்டு செல்லாமல், ஊரிலேயே, வட்டக்களரியிலேயே வைத்து ஊராரைக் கொண்டே திருத்த வேண்டும் என்றனர். கதையில் பெண்ணை இழிவாகக் கூறும் இடம் வந்தால், அதனை மாற்றலாமா, எவ்வாறு மாற்றலாம் என்று அண்ணாவியாரும் ஆடுவோரும் பெண்களும் முதியோரும் கூடியிருந்து பேசினர். புதிய பாட்டுக்களை அண்ணாவியாரே பழைய மெட்டில் இயற்றினார். கூத்து மீளுருவாக்கம் என்று இதற்குப் பெயரிட்டனர். சிறுவர்க்குரிய கூத்துக்களும் பழக்கப்பட்டன.

மேடைக் கூத்தே சிறந்தது என்போரும், களரிக் கூத்தே உயிருள்ளது என்போரும் இன்றும் தம்முள் வாதிடுகின்றனர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. வித்தியானந்தர் சுருக்கித் தந்திராவிட்டால், கூத்தைக் கற்கத்தக்க கலையாகப் பல்கலைக்கழகங்கள் எண்ணியிரா. ஆனால் இரண்டு மணி நேரக் கூத்தைப் பார்த்து அண்ணாவியார் ஒருவர் உருவாதல் அரிது. அதற்குப் பல வாரங்கள் இரவுப் பழக்கம் வேண்டும். மணலில் ஆடும் சிறுவர் வேண்டும். அடி தவறினால் கடிந்துகொள்ளும் ஊர் வேண்டும். இன்று இளைஞர் வேலை தேடி அயல்நாடு செல்கின்றனர். பிள்ளைகளுக்கு மாலை நேரமெல்லாம் தனிவகுப்பில் கழிகின்றது. நீண்ட நாள் பழக்கத்திற்கு இருபது இளைஞரைச் சேர்ப்பது அண்ணாவியார்க்கு எளிதன்று. சிலர் விடுமுறை நாட்களில் மட்டும் பழக்கி, கூத்தை நள்ளிரவோடு முடித்துவிடுகின்றனர். சிலர் அதற்கு உடன்படுவதில்லை.

உடன்படாத ஊர்களில் இன்றும் அறுவடை முடிந்தபின் வெற்றிலைத் தட்டு அண்ணாவியார் வீட்டுக்குச் செல்கின்றது. வாழி பாடி முடிந்த விடியற்காலையில், முடியையும் தோளணியையும் கழற்றிக் கையில் ஏந்திய அரசர், கரப்புடுப்போடு வீட்டு வாசலில் நுழைய முடியாமல் சற்று நிற்பர். அவருடைய தாயோ மனைவியோ வந்து கட்டை அவிழ்த்து விடுவாள். அன்று பிற்பகல் அவர் வலையோடு வாவிக்குச் செல்வார்.